சங்கத்தில் புதிதாகப் பொறுப்பு எடுத்தவருக்கு: எதை முதலில் பழகுவது, எப்படிக் கதைப்பது

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாரோ உங்கள் பெயரை முன்மொழிகிறார். இன்னொருவர் வழிமொழிகிறார். "எனக்கு நேரமில்லை" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் கை தட்டிவிடுகிறார்கள். இலங்கையின் வன்னியில் பெரும்பாலான தலைவர்கள் இப்படித்தான் வருகிறார்கள். கமக்கார அமைப்பு (விவசாயிகளின் சங்கம்), கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், கோயில் பரிபாலன சபை என எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். மறுநாள் காலையில் எதிலிருந்து தொடங்குவது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்கார அமைப்பில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். பிறகு அக்கம்பக்கக் கிராமங்களில் புதிய நிர்வாக சபைகளோடு உட்கார்ந்து கணக்கு, கூட்ட அறிக்கை, கடிதம் எல்லாம் பழக்கியிருக்கிறேன். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் அநேகமாக ஒன்றுதான்: பேச்சிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுவார்கள். மூன்றாம் மாதம் பார்த்தால் மண்டபத்தில் ஏழு பேர் இருப்பார்கள், அதில் நாலு பேர் நிர்வாக சபை.

அதனால் இந்த வழிகாட்டியின் ஒழுங்கு வேறு. கையளிப்பு, நேரம், கொப்பி என்ற மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். அப்புறம் கேட்கப் பழகுங்கள். பேசுவது அதற்குப் பிறகுதான். வரிசையை மாற்றிச் செய்து பார்த்தவர்களையும் கண்டிருக்கிறேன். திரும்ப முதலாம் படிக்கே வந்தார்கள்.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

சங்கத்தின் யாப்பு (விதிமுறைகள்), கடந்த இரண்டு வருடக் கூட்ட அறிக்கைக் கொப்பி, காசேடு, வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகம், அங்கத்தவர் பட்டியல். பட்டியலில் போன் இலக்கம் பழையதாகத்தான் இருக்கும். அதைத் திருத்துவது நாலாம் படியில் தானாக நடக்கும்.

உங்கள் சொந்தக் காசில் இரண்டு கொப்பி வாங்குங்கள். ஒன்று சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்குகிற சின்னது, மற்றது வீட்டில் வைக்கிற பெரிய சீ.ஆர். கொப்பி. போனில் குறித்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். முயன்றவர்கள் எல்லோரும் இரண்டு கிழமையில் விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் தேவை: உங்கள் முகத்துக்கு நேரே "நீ பிழை விட்டிட்டாய்" என்று சொல்லக்கூடிய ஓர் ஆள். நிர்வாக சபைக்கு வெளியே இருந்தால் நல்லது. எனக்கு அது என் மனைவியின் பெரியம்மா.

1. கையளிப்பை எழுத்தில் முடியுங்கள்

பழைய நிர்வாகம் ஒரு பையைக் கொண்டுவந்து தரும். "எல்லாம் இதுக்க இருக்கு தம்பி" என்பார்கள். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை கொப்பி, பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் கடைசியாக வெட்டிய இலக்கம் என்ன, வங்கி மிகுதி எவ்வளவு, எத்தனை கதிரை, எத்தனை தகரம். இரு பக்கமும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி.

இதில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். காசேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மரியாதைக் குறைவாக இருக்கும் என்ற கூச்சம்தான் காரணம். இரண்டுக்கும் இடையில் 4,350 ரூபாய் இடித்தது தெரிய நாலு மாதம் போனது. யாரும் எடுக்கவில்லை, வாய்க்கால் துப்புரவு அன்று வாங்கிய சாப்பாட்டுக்கு பில் ஒட்டாமல் விட்டிருந்தார்கள். ஆனால் அது வெளிவரும் வரை ஊரில் என் பெயர்தான் அடிபட்டது.

கூச்சமாக இருந்தால் யாப்பின் மேல் பழியைப் போடுங்கள். "அண்ணை, யாப்பில இப்பிடித்தான் இருக்கு, ஒருக்கா எண்ணிப்போட்டு வைப்பம்" என்றால் யாரும் கோபிப்பதில்லை.

முதல் இரண்டு கிழமை வேறு எதையும் மாற்ற வேண்டாம். கூட்ட நாளை மாற்றுவது, சந்தாவைக் கூட்டுவது, பொருளாளரை மாற்றுவது எல்லாம் பிறகு. ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் மாற்றினால் திரும்ப மாற்றவேண்டி வரும்.

2. நேரம்: சொன்ன மணிக்குத் தொடங்குவது

அறிவித்தலில் 3 மணி. நாலேகாலுக்குத் தொடங்கும். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் நாலு மணிக்கு வருகிறார்கள். மூன்று மணிக்கு வந்து வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் அடுத்த முறை வரமாட்டார்கள். அவர்கள்தான் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் ஆட்கள்.

முதலில் நேரத்தைச் சரியாக வையுங்கள். நெல்லு வெட்டுகிற காலத்தில் பின்னேரக் கூட்டம் வைத்தால் மெசின் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சனமும் நிற்கும். மாதர் சங்கக் கூட்டமென்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்ட பிறகு, இரவுச் சமையலுக்கு முன் உள்ள இடைவெளிதான் கிடைக்கும். உள்ளுக்குள் இருக்கிற கிராமமென்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு முடிகிற நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

பிறகு மண்டபத்தை நீங்களே 15 நிமிடம் முன்பு திறவுங்கள். சொன்ன மணிக்கு ஆறு பேர் இருந்தாலும் தொடங்குங்கள். நிறைவெண் (யாப்பில் சொன்ன குறைந்தபட்ச ஆட்தொகை) சேராமல் தீர்மானம் எடுக்க முடியாது, சரி. ஆனால் சென்ற கூட்ட அறிக்கையையும் வரவு செலவையும் வாசிக்க முடியும். பிந்தி வந்தவர் "அந்தக் கணக்கைத் திருப்பி வாசியுங்கோ" என்றால், "முடியத் தனியக் காட்டுறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு நகருங்கள், முடிந்ததும் மறக்காமல் காட்டுங்கள். மூன்று கூட்டம் இப்படி நடந்தால் போதும், நாலாவதற்குச் சனம் நேரத்துக்கு வரும்.

வீட்டிலும் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணியோடு 20 நிமிடம் கொப்பியைப் பார்ப்பது என் வழக்கம். இரவில் செய்ய முயன்றேன், வயலால் வந்தால் கண் சொருகிவிடும்.

3. கொப்பி: "பார்ப்பம்" என்ற சொல்லுக்குக் கணக்கு வைப்பது

நீங்கள் மோட்டார் சைக்கிளில் போகிறீர்கள். ஒருவர் கையைக் காட்டி மறித்து, "தம்பி, எங்கட ஒழுங்கை லைற் எரியேல்ல, ஒருக்காச் சொல்லிவிடும்" என்கிறார். நீங்கள் "ஓம் ஐயா, பார்ப்பம்" என்கிறீர்கள். உங்களுக்கு அது விடைபெறும் சொல். அவருக்கு அது வாக்கு. மூன்று மாதம் கழித்து அவர் கூட்டத்தில் எழும்பி, "தலைவர் ஏமாத்திப்போட்டார்" என்று சொல்லும்போது உங்களுக்கு அந்த ஒழுங்கையே நினைவில் இருக்காது.

அதனால் சின்னக் கொப்பியில் நாலு பத்தி போடுங்கள்: தேதி, யார், என்ன கேட்டார், எப்போது பதில் சொல்வதாகச் சொன்னேன். என் கொப்பியில் ஒரு பக்கம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

12ஆம் திகதி – வாய்க்கால் கடைசிக் காணி அக்கா – மதகுப் பலகை களவு போய்விட்டது – ஞாயிறு.
12ஆம் திகதி – முன்பள்ளி ரீச்சர் – தண்ணீர்த் தாங்கி வெடிப்பு – அடுத்த கூட்டம்.
14ஆம் திகதி – கடைக்கார ஐயா – மாடு வயலுக்குள் இறங்குது – நாளைக்கு.

நாலாவது பத்தியைக் கவனியுங்கள். "எப்போது செய்து முடிப்பேன்" என்று அங்கே எழுதுவதில்லை. மதகுப் பலகை உங்கள் கையில் இல்லை. பதில் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவிடம் போய், "சொல்லியிருக்கிறன் அக்கா, அவையள் அடுத்த கிழமை எண்டு சொல்லினம்" என்று சொன்னாலே அந்த வரியை வெட்டலாம், புதுத் தேதியோடு கீழே இன்னொரு வரி எழுதலாம். வேலை நடக்காததைச் சனம் பொறுத்துக்கொள்ளும். ஆளைக் காணாமல் போவதைத்தான் பொறுப்பதில்லை.

முடியாது என்று தெரிந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வயதில் மூத்தவரிடம் முடியாது என்று சொல்வது நமக்கு வராது, அதுவும் இளம் பெண் ஒருவர் தலைவியாக இருந்து உறவுமுறை மாமா ஒருவருக்குச் சொல்லவேண்டி வந்தால் இன்னும் கஷ்டம். ஒரு தங்கச்சி சொன்ன விதம் எனக்குப் பிடித்தது: "மாமா, நான் ஓமெண்டு சொல்லி உங்களை அலைய விடக் கூடாது. இது எங்கட சங்கத்தால ஏலாது. பிரதேச சபையில குடுக்க வேணும், கடிதம் நான் எழுதித் தாறன்." முடியாது என்றும் சொல்லியாயிற்று, கையில் ஒரு வழியும் கொடுத்தாயிற்று.

4. கேட்கப் போவது

முதல் இரண்டரை மாதத்துக்குள் அங்கத்தவர் எல்லோர் வீட்டுக்கும் ஒரு தடவை போய்விடுங்கள். நாளுக்கு இரண்டு வீடு, கிழமைக்கு ஆறேழு. அறுபது அங்கத்தவர் உள்ள அமைப்பென்றால் ஒன்பது பத்துக் கிழமை. கூடுதலாகப் போகாதீர்கள், மூன்றாவது வீட்டில் உங்கள் காது வேலை செய்யாது.

எங்கிருந்து தொடங்குவது என்பது முக்கியம். கமக்கார அமைப்பென்றால் வாய்க்காலின் கடைசிக் காணியிலிருந்து மேலே வாருங்கள். வாய்க்கால் தலைப்பில் இருப்பவர்கள் எப்படியும் உங்களைத் தேடி வருவார்கள், தண்ணீரும் அவர்களுக்கு முதலில் வருகிறது. கடைசியில் இருப்பவருக்குக் குளத்தில் எத்தனை அடி நின்றாலும் தன் வரம்புக்கு வந்தால்தான் தண்ணீர். சங்கம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

போனதும் முதலில் சொல்ல வேண்டியது: "இது உதவிப் பதிவு இல்லை." இதைச் சொல்லாமல் கொப்பியை எடுத்தால் காரியம் கெட்டுவிடும். 2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலும், மீள்குடியேறிய பிறகும், வீட்டுத்திட்டத்துக்கும் வாழ்வாதாரத்துக்குமாக இந்தச் சனம் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்கு அளவில்லை. கொப்பியைக் கண்டால் அடையாள அட்டையை எடுத்து வந்து இலக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் நீங்கள் கேட்பது மனக்குறையாக வராது, விண்ணப்பமாகத்தான் வரும். கொப்பியைப் பையில் வையுங்கள். படலைக்கு வெளியே வந்து, அடுத்த மரநிழலில் நின்று எழுதுங்கள்.

"ஏதும் பிரச்சினை இருக்கோ?" என்று கேட்காதீர்கள். "ஒண்டுமில்லைத் தம்பி, கடவுளே எண்டு இருக்கிறம்" என்றுதான் பதில் வரும். நடந்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள்.

"போன சிறுபோகத்துக்கு உங்கட பக்கம் எத்தனை நாளுக்கு ஒருக்காத் தண்ணி வந்தது அம்மா?"

"அவை எட்டு நாளுக்கு ஒருக்கா எண்டு சொன்னவை. எனக்குப் பன்ரெண்டு நாளுக்கு ஒருக்கா வந்தது. அதுவும் ராவில. நான் பொம்பிளை, ராவில வாய்க்காலுக்கு எப்பிடிப் போறது?"

இந்த ஒரு பதிலில் மூன்று விடயம் இருக்கிறது: தண்ணீர் முறை பிசகுகிறது, யாரோ இடையில் மறிக்கிறார்கள், ஆண் துணையில்லாமல் கமம் செய்யும் பெண்ணுக்கு இரவு முறை தண்ணீரே கிடைக்காததுக்குச் சமம். பொதுக்கூட்டத்தில் அந்த அம்மா இதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

கேட்கும்போது செய்யக் கூடாதவை சில உண்டு. போனை வெளியே எடுக்காதீர்கள். "அது எல்லா இடத்திலயும் அப்பிடித்தான்" என்று சொல்லாதீர்கள், அதோடு கதை நின்றுவிடும். அந்த இடத்திலேயே தீர்வு சொல்லவும் வேண்டாம். பாதிக் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்கிற தீர்வு அது. தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். இரண்டாவது வீட்டில் வயிறு இடம் தராவிட்டால் அரைக் கோப்பை கேளுங்கள்.

சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். அதைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் நேரத்தைப் பார்க்காமல் கேளுங்கள். அன்றைக்கு இரண்டாவது வீடு வேண்டாம்.

எழும்புவதற்கு முன் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். "அப்ப அம்மா, எட்டு நாள் முறை பன்ரெண்டு நாளாகுது, ராமுறை உங்களுக்குச் சரிவராது, அப்பிடித்தானே?" அவர் "ஓம், அதுதான்" என்று சொன்னால் நீங்கள் கேட்டது சரி. "இல்லை, அது மட்டுமில்லை" என்றால் திரும்ப இருங்கள். உண்மையான விடயம் பெரும்பாலும் அந்த இரண்டாவது தடவையில்தான் வெளியே வரும்.

5. மூன்று நிமிடத்தில் பேசுவது

இப்போதுதான் பேச்சுக்கு வருகிறோம். சங்கக் கூட்டத்தில் ஒரு விடயத்துக்கு மூன்று நிமிடம் போதும். விடயம் என்ன, காசு எவ்வளவு, உங்களிடம் எதைக் கேட்கிறேன் என்ற மூன்றையும் இந்த வரிசையில் சொல்லுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் இப்படிப் பேசுவார்கள்: "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, எமது கிராமத்தின் வளர்ச்சிக்காக நாம் அனைவரும் ஒற்றுமையாகத் தோளோடு தோள் நின்று ஒத்துழைப்பு வழங்க வேண்டும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். வியாழக்கிழமை வாய்க்காலுக்கு ஐந்து பேர் வருவார்கள்.

அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மூன்றாம் வாய்க்காலில் 400 மீற்றருக்குப் புல்லு மூடிக் கிடக்கு. மெசின் பிடிக்கச் சங்கத்தில காசு இல்லை. வியாழன் காலமை 6 மணிக்கு மதகடியில வீட்டுக்கு ஒராள், மண்வெட்டியோட. வர ஏலாதவை புதன் பின்னேரத்துக்குள்ள செயலாளருக்குச் சொல்லுங்கோ." கேட்கிறவருக்கு எங்கே, எப்போது, எதைக் கொண்டு என்ற கேள்வி எதுவும் மிச்சமில்லை. வராதவருக்கும் ஒரு வேலை கொடுத்தாயிற்று: சொல்லிவிட வேண்டும்.

பழகும் முறை: முந்தின இரவு போனில் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, எல்லோருக்கும் அப்படித்தான். "வந்து", "அதாவது", "என்ன சொல்ல வாறனெண்டால்" எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். மூன்று நிமிடம் தாண்டினால் எதை வெட்டலாம் என்று பாருங்கள். வெட்டவேண்டியது எப்போதும் தொடக்கத்தில்தான் கிடைக்கும்.

நாற்பது பேர் உள்ள கூட்டத்துக்கு மைக் வேண்டாம். மைக்கைப் பிடித்தால் நல்ல மனிசனுக்கும் மேடைத் தமிழ் வந்துவிடுகிறது.

6. கூட்டத்தை நடத்துவது

நிகழ்ச்சி நிரலில் ஐந்து விடயத்துக்கு மேல் வைக்காதீர்கள். காசு சம்பந்தப்பட்டதை இரண்டாவதாக வையுங்கள். கடைசியில் வைத்தால், சனம் எழும்பிப் போகிற நேரத்தில் கணக்கை வாசித்து ஒப்பேற்றுகிறார்கள் என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் பல இடங்களில் நியாயமானதாகவும் இருந்திருக்கிறது.

எல்லாக் கூட்டத்திலும் நாலு பேர் கதைப்பார்கள், முப்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பின்வரிசையில் இருக்கும் பெண்களிடம் "உங்களுக்கு என்ன கருத்து?" என்று பொதுவாகக் கேட்டால் சிரித்துக்கொண்டு குனிந்துவிடுவார்கள். வீட்டில் கேட்ட விடயம் ஒன்றை வைத்து, முன்பே அனுமதி கேட்டுக்கொண்டு, நேராகக் கேளுங்கள்: "அக்கா, ராமுறையைப் பற்றி அண்டைக்குச் சொன்னீங்கள், அதை ஒருக்கா எல்லாருக்கும் சொல்லுங்கோவன்." அனுமதி கேட்காமல் செய்தால் அந்த அக்கா பிறகு வீட்டிலும் வாய் திறக்க மாட்டார். இந்தப் பிழையை நான் ஒரு தடவை விட்டேன், அந்தப் படலை எனக்கு ஒரு வருடம் திறக்கவில்லை.

சண்டை வரும். தண்ணீர், எல்லை, மாடு, பழைய பாக்கி, இந்த நாலில் ஒன்று கட்டாயம் வரும். சிறுபோகத்துக்குக் குளத்து நீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் செய்வது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள், எல்லாக் காணிக்கும் வராது. அந்தப் பங்கு பிரிக்கிற கூட்டத்தில் குரல் உயராவிட்டால்தான் அதிசயம். இரண்டு பேர் எழும்பி நின்றால் செய்ய வேண்டியது இதுதான்.

நீங்கள் எழும்பாதீர்கள். தலைவரும் எழும்பினால் மூன்று பேர் சண்டையாகிவிடும். இருந்தபடியே, குரலைத் தாழ்த்தி, மூத்தவரை முறை சொல்லிக் கூப்பிடுங்கள்: "பெரியப்பா, நீங்கள் முதல் சொல்லுங்கோ, நான் எழுதுறன். அண்ணை, அடுத்தது நீங்கள்." பேனையைக் கையில் எடுத்து உண்மையிலேயே எழுதுங்கள். எழுதுகிற வேகத்துக்குத்தான் அவர் சொல்ல முடியும். கத்திக்கொண்டு சொல்லெழுதுவிக்க யாராலும் ஏலாது. எழுதியதை வாசித்துக் காட்டி, "சரியோ பெரியப்பா?" என்று கேளுங்கள். மற்றவருக்கும் அப்படியே.

"நீ ஆர் எனக்குச் சொல்ல? நேற்றுப் பிறந்தனி" என்று யாராவது சொன்னால் அதற்குப் பதில் வேண்டாம். அந்த வசனத்தை மட்டும் எழுதாமல் விடுங்கள். நீங்கள் எழுதவில்லை என்பதை அவர் பார்ப்பார்.

தீர்ப்பை அங்கே சொல்லக் கூடாது. எல்லைப் பிரச்சினையென்றால் அது சங்கத்தின் வேலையே இல்லை. தண்ணீர் முறையென்றால் "ஞாயிறு காலமை இரண்டு பேரோடையும் வாய்க்காலில நிண்டு பார்ப்பம்" என்று நாள் குறித்து அடுத்த விடயத்துக்குப் போங்கள். சனத்துக்கு முன்னால் தோற்றவர் அடுத்த நாள் இறங்கி வரமாட்டார். வாய்க்கால் கரையில் மூன்று பேராக நின்றால் இறங்கி வருவதற்கு இடமுண்டு.

முடிக்கும்போது தீர்மானங்களை வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். "சங்கம் நடவடிக்கை எடுக்கும்" என்று எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்கள். எதிர்த்தவர் இருந்தால் அவர் எதிர்த்ததையும் அறிக்கையில் எழுதுங்கள். எழுதியதைக் கேட்டவர்கள் அநேகமாக அதோடு ஆறிவிடுகிறார்கள்.

7. காசு

இதில் பழக்கம் மூன்றுதான், விட்டுக்கொடுப்பு கிடையாது. வாங்கிய காசுக்கு அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு. சங்கக் காசும் வீட்டுக் காசும் ஒரே பையில் ஓர் இரவுகூட இருக்கக் கூடாது. வெற்றுக் காசோலையில் கையெழுத்து இல்லை.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். வங்கி தூரம், தலைவருக்கு வயல் வேலை, அதனால் நாலைந்து தாளில் கையெழுத்துப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிடுவார். பொருளாளர் தங்கமான மனிதராக இருக்கலாம். ஆனால் நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் அவரைக் காப்பாற்ற உங்களிடம் எதுவும் இருக்காது.

மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். கேட்காமலே காட்டுகிற கணக்கை யாரும் தோண்டுவதில்லை.

8. அலுவலகத்துக்குப் போவது

எந்த வேலை யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி நாள் பஸ்ஸில் போய்விடும். 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது, அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களம். கிராமத்து உள்வீதியும் தெரு விளக்கும் பிரதேச சபை. ஏ9 போன்ற பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபை. யானை என்றால் வனசீவராசிகள் திணைக்களம், காட்டு எல்லை என்றால் வனவளத் திணைக்களம்; இந்த இரண்டையும் குழப்பாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கடிதம் ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. ஐந்து கோரிக்கையை ஒரே கடிதத்தில் எழுதினால் அதில் இலகுவான ஒன்றுக்குப் பதில் வரும், மற்ற நாலும் கோவைக்குள் தூங்கும். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகவும் போகாதீர்கள். இரண்டு பேர்: ஒருவர் கதைக்க, ஒருவர் எழுத. பொதுமக்கள் தினம் எது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். வெளியே வரும்போது "திரும்ப எப்ப வந்து பார்க்கலாம் சேர்?" என்று கேட்டு, அவர் சொன்ன தேதியை அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள்.

உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாத இடமும் உண்டு. மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், ஆனால் கடிதம் தமிழில் இருக்கட்டும். வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பவர் உங்களுக்காக முடிவு எடுக்கத் தொடங்கினால் நிறுத்தி, "அண்ணை, நான் சொன்னதை மட்டும் சொல்லுங்கோ" என்று சொல்லுங்கள்.

பல தடவை போயும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் முதல் நாளே அதைத் தூக்காதீர்கள். அந்த உத்தியோகத்தரோடு அடுத்த போகத்திலும் நீங்கள் வேலை செய்யவேண்டி இருக்கும்.

9. வட்ஸ்அப் குழு

அறிவித்தலுக்கு மட்டும் வையுங்கள். குரல் பதிவு போடாதீர்கள், இரண்டு நிமிடக் குரல் பதிவை ஒருவரும் முழுதாகக் கேட்பதில்லை. சண்டை தொடங்கினால் அங்கே பதில் எழுதாமல் போன் எடுத்துக் கதையுங்கள். ஸ்மார்ட் போன் இல்லாதவர்களுக்கு ஒழுங்கைக்கு ஒருவர் பொறுப்பு, கடைச் சுவரில் ஒரு தாள்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்க்காரர் காசு அனுப்பினால் அவர்களுக்குத் தனிக் குழு வையுங்கள். அவர்கள் படம் கேட்பார்கள், நியாயம்தான். வேலையின் படத்தை அனுப்புங்கள், பில்லின் படத்தையும் அனுப்புங்கள். உதவி வாங்குகிறவரின் முகத்தை மட்டும் அனுப்ப வேண்டாம்.

10. முதல் நாளிலிருந்தே கைமாற்றத் தொடங்குவது

நாலு கூட்டத்தில் ஒன்றை உப தலைவர் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் இருங்கள். அவர் பிழை விடுவார். இடையில் எழும்பித் திருத்தாதீர்கள், இரவு போனில் சொல்லுங்கள். அலுவலகத்துக்குப் போகும் இரண்டாவது ஆளை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் சங்கம் நிற்கிறது என்றால், அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதவி முடியும்போது முதலாம் படியில் செய்த அதே எண்ணிக்கையைத் திரும்பச் செய்யுங்கள், இந்தத் தடவை கொடுக்கிற பக்கத்தில் இருந்து. சின்னக் கொப்பியையும் கூடவே கொடுங்கள். அதில் வெட்டாத வரிகளை எண்ணி, எண்ணிக்கையைக் கையளிப்புத் தாளில் எழுதுங்கள். நான் கொடுத்தபோது பதினொரு வரி மிச்சமிருந்தது. அதில் ஒன்று அந்த மதகுப் பலகை.